பத்து போஸ்டுக்கு ஒரு முறை

1

ஊர்க்காரர்கள் அச்சடிக்கிற ஊர் மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். எனக்குப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. முடியாது என்றேன். "பனி எப்படி இருக்கும், சாப்பாடு எப்படி இருக்கும், அத எழுதுங்க" என்றாள் என் மனைவி செல்வி. பனி இங்கே அதிகம் இல்லை. காற்றுதான் இருக்கிறது. அதனால் காற்றைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. செல்வி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் விசாவில்தான் நான் வந்தேன். வந்த புதிதில் எல்லாப் படிவத்திலும் என் பெயருக்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று செல்வியிடம் கேட்டேன். "வீட்டுக்காரர்னு அர்த்தம்" என்றாள். அவள் நல்லவள். நான் நண்டு ஆலையில் வேலை பார்க்கிறேன். நண்டை வேகவைத்து, ஓட்டை உடைத்து, சதையைத் தட்டில் வைக்க வேண்டும். பேசத் தேவையில்லை. எனக்குப் பொருத்தமான வேலை.

ஒரே மகள், கயல். பதினாறு வயது. சைக்கிள் போட்டிக்குப் போகிறாள். இங்கே ரோட்டில் ஓட்டும் போட்டிக்குப் பெண் பிள்ளைகளுக்குத் தனி சங்கம் இருக்கிறது.

இந்த ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். போனில் இரண்டு சேதி வந்தது. ஒன்று கயல் அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை போட்டி, மேல்காற்று பலமாக இருக்கும் என்று அரசாங்கம் மஞ்சள் எச்சரிக்கை விட்டிருக்கிறது, சனிக்கிழமை நான் வீட்டில் இருக்க வேண்டும், சைக்கிளைத் தயார் பண்ண வேண்டும்.

இன்னொன்று தூத்துக்குடியிலிருந்து இன்னாசியின் குரல் சேதி. அங்கே மேல்காற்றைக் கச்சான் என்போம்.

"ஏலே, கச்சான் ஏறிட்டு. மில்லர்புரத்துல ஒங்க மாடி ஷீட்டு படபடன்னு அடிக்கின்னு பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னாவ. போயி வள்ளத்துக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிட்டேன். நாலு மூட்ட மண்ணும் வச்சிருக்கு. ஒண்ணும் ஆவாது. நீ சோலியப் பாரு."

இன்னாசி என் பழைய கூட்டாளி, ஆலந்தலைக் கடற்கரைக்காரன். துறைமுக ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டுச் சாவி பன்னிரண்டு வருடமாக அவனிடம்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை போய்க் கதவைத் திறந்து, சன்னலைத் திறந்து, தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வருவான். நான் கேட்டதில்லை. நாங்கள் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் அவனே கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டான்.

அந்த வீட்டில் படுக்கையறையில் ஒரு பீரோ இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவன் அதைத் தாண்டித்தான் சன்னலைத் திறக்க வேண்டும்.

2

கயலுக்கு அந்தப் பீரோவைத் தெரியும். சின்ன வயதில் நான் சொன்ன கதை அது. ஆடி மாதம் கோயில் கொடைக்கு நடந்த சைக்கிள் போட்டியில், கச்சான் காற்றில், அப்பா முதல் பரிசு வாங்கினேன், பரிசு ஒரு ஸ்டீல் பீரோ. இவ்வளவுதான் சொல்லியிருந்தேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யும் இல்லை.

அவள் அதைச் சங்கத்தில் சொல்லியிருக்கிறாள். பயிற்சி கொடுக்கிற அம்மா பெயர் மோரா. என்னைக் கண்டால் "சாம்பியன்" என்பார். நான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவேன். ஆங்கிலம் வராததால் நான் அடக்கமாக இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம். கயலுக்குச் சங்கத்தில் பந்தயச் சக்கரம் இரவல் கொடுத்திருந்தார்கள். விளிம்பு உயரமாக, பலகை மாதிரி இருக்கும். வேகம் போகும். ஆனால் பக்கவாட்டுக் காற்று அடித்தால் படகில் பாய் விரித்த மாதிரி ஆளையே தள்ளிவிடும். அதைக் கழற்றிவிட்டுப் பழைய கம்பிச் சக்கரத்தைப் போட்டோம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தோம். பாட்டிலைக் காற்று பிடுங்காதபடி தாங்கியை இறுக்கினோம்.

"அப்பா, மட்கார்டும் வேண்டாம். கழட்டுங்க."

கழற்றினேன். திருகாணிகளைத் தரையில் வைத்தேன். ஒன்று உருண்டு ஓடியது.

"ஒரு டின் எடுத்துட்டு வா" என்றேன்.

டின் வந்தது. திருகாணிகளைப் போட்டேன். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வேலை ஓடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நம்பர் துணி. சட்டை முதுகில் ஊக்கு வைத்துக் குத்த வேண்டும். தொளதொளவென்று இருந்தால் காற்று பிடிக்கும். அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு குனிந்து நின்றாள். நான் பின்னால் நின்று குத்தினேன்.

"அப்பா, நாளைக்கு மார்னிங் மோரா உங்கள பேசச் சொன்னாங்க."

"என்ன பேச?"

"விண்ட்ல எப்படி வின் பண்ணீங்கன்னு. கேர்ள்ஸ் எல்லாருக்கும். டூ மினிட்ஸ். உங்களுக்கு வராட்டி நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

"நான் எதுக்கு? வேண்டாம்."

"ப்ளீஸ்ப்பா. லாஸ்ட் வீக் ஒரு கேர்ள், ஃபுல் ரேஸ் எங்க பின்னாடியே வந்தா. டயர்ட், டயர்ட்னு சொன்னா. டர்ன் எடுத்து முன்னாடி வரவே இல்ல. எண்ட்ல எழுந்து ஸ்பிரிண்ட் பண்ணி வின் பண்ணிட்டா. யாரும் அவகூடப் பேசுறது இல்ல. அப்படி சீட் பண்ணாமலும் வின் பண்ணலாம்னு நீங்க சொல்லணும்."

ஊக்கு என் விரலில் ஏறியது.

3

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சாத்தான்குளத்திலிருந்து வந்து தூத்துக்குடியில் உப்பு குடோனில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். இன்னாசி அங்கேயே மூட்டை ஏற்றுவான். கொடைக்கு வாகைக்குளம் வரை போய்த் திரும்புகிற சைக்கிள் போட்டி அறிவித்தார்கள். கேரியர் வைத்த சாதாரண சைக்கிள்தான். முதல் பரிசு பீரோ. இரண்டாம் பரிசு சுவர்க் கடிகாரம்.

இன்னாசியின் தங்கை லூர்துக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பீரோ ஒன்றுதான் பாக்கி. மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருந்தார்கள்.

"ஏலே, போகும்போது பூரா எதுர்காத்து. தனியா மிதிச்சா எவனும் போய்ச் சேர மாட்டான்" என்றான் இன்னாசி. "கடல்ல துடுப்பு மாத்துத மாதிரி மாத்திக்கிடணும். பத்து போஸ்டு நான் முன்னால. பத்து போஸ்டு நீ முன்னால. பின்னால வாரவனுக்குக் காத்து தெரியாது. ரெண்டு பேருல எவன் ஜெயிச்சாலும் பீரோ தங்கச்சிக்கு. கடியாரம் ஒனக்கு. சரியா?"

"சரிலே" என்றேன்.

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு சைக்கிளையும் அவன்தான் காற்றுக்குத் தயார் பண்ணினான். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், பெல் எல்லாம் கழற்றினான். திருகாணிகளை ஒரு டால்டா டின்னில் போட்டான். சட்டை படபடக்கக் கூடாது என்று இரண்டு பனியன்களை மடித்துத் தைத்துக் கொடுத்தான். தைக்க என் சாக்கு ஊசியைத்தான் வாங்கினான்.

மறுநாள் நாற்பது பேர் புறப்பட்டோம். ஊரைத் தாண்டியதும் காற்று மூஞ்சியில் அடித்தது. செம்மண் பல்லில் கடிபட்டது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்தார்கள். நாங்கள் மட்டும் கரண்டு போஸ்டை எண்ணிக்கொண்டு மாறி மாறிப் போனோம். எட்டாவது மைலில் எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை.

என் முறை வந்தது. முன்னால் போனேன். நான்கு போஸ்ட். அதற்கு மேல் முடியாமல் இல்லை. முடிந்தது. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் நான் வந்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன்.

"லே, கெண்டக்கால் பிடிச்சிட்டு" என்றேன்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. "பின்னால வா, ஒட்டியே வா" என்றான். முன்னால் போனான்.

பிறகு நான் முன்னால் போகவே இல்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. தையல் ஒரு இடத்தில் விட்டிருந்தது. இரண்டு மூன்று தடவை திரும்பி, "காலு எப்டி இருக்கு?" என்று கேட்டான். "வலிக்குலே" என்றேன். வாகைக்குளத்தில் ரோட்டின் நடுவே தார் டிரம் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்பினோம். இனிமேல் காற்று முதுகில். அவனுக்கு வாயில் நுரை தள்ளியிருந்தது. நான் எழுந்து நின்று மிதித்தேன்.

திரும்பிப் பார்க்கவில்லை.

மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். பட்டாசு போட்டார்கள். அப்பா சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தார். "எம் மவன் ஜெயிச்சது" என்று பீரோவின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். அப்போது சொல்லியிருக்கலாம். பீரோ லூர்துக்கு என்று ஒரு வார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று சக்கர வண்டியில் ஏற்ற ஆள் போதவில்லை. ஒரு முனையை இன்னாசி தூக்கினான்.

மறுநாள் காலையில் அவன் டால்டா டின்னோடு வந்தான். என் சைக்கிளுக்கு மட்கார்டு மாட்டினான். கேரியர் மாட்டினான். ஸ்டாண்டு மாட்டினான். ஒரு திருகாணிகூடக் குறையவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "பெல்லு கொஞ்சம் லூசா இருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

லூர்து கல்யாணத்துக்குப் போனேன். சீர் வரிசையில் பீரோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன்.

4

இதை எல்லாம் நான் கயலிடம் சொன்னேன். அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். என் தமிழில் பாதி அவளுக்குப் புரியாது. சீர் வரிசை என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். மற்றதெல்லாம் புரிந்துவிட்டது.

குனிந்தபடியே கேட்டாள்.

"இன்னாசி மாமாவா? நம்ம வீட்டு சாவி வச்சிருக்காங்களே, அவங்களா?"

"ஆமா."

"கால் வலி பொய்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ட்வெண்டி ஃபைவ் இயர்ஸா சொல்லலையா?"

"இல்ல."

அவள் நிமிர்ந்து சட்டையைக் கழற்றி மேசையில் விரித்தாள்.

"நம்பர் லூசா இருக்கு. காத்து பிடிக்கும். திரும்பக் குத்துங்க" என்றாள். மாடிக்குப் போய்விட்டாள்.

திரும்பக் குத்தினேன். ஒரு மணி நேரம் ஆனது. செல்வி வேலை முடிந்து வந்து பார்த்தாள்.

"ஏங்க, எட்டு ஊக்கு குத்த இம்புட்டு நேரமா? விரல்ல என்ன ரத்தம்?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காரில் கயல் பேசவில்லை. காதில் பாட்டு மாட்டியிருந்தாள். நாற்பது நிமிடம். வழியில் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. இங்கே மரம் வளர்வதே அப்படித்தான்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆபத்து என்று தெரிந்தே அனுப்புகிறேன், நான் சொன்னது எல்லாம் உண்மை என்று ஒரு வரி. அதன் கீழே கோடு. இத்தனை நாளும் வாசிக்காமல் போட்டிருந்தேன். அன்று எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

மோரா பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஒன்பது பேர் தொப்பியோடு வட்டமாக நின்றார்கள். "சாம்பியன்" என்றார். நான் கயலைப் பார்த்தேன். மொழிபெயர்க்கிறேன் என்று சொன்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் ஆங்கிலத்தில் நானே சொன்னேன்.

"நான் சாம்பியன் இல்லை. நான் காற்றில் முன்னால் போகவில்லை. என் நண்பன் போனான். நான் கால் வலி என்று பொய் சொன்னேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்."

காற்றில் சரியாகக் கேட்டதோ இல்லையோ. மோரா மட்டும் தலையை ஆட்டினார். பிறகு எனக்கு ஒரு மஞ்சள் கோட்டும் ஒரு கொடியும் கொடுத்தார். பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு முக்கில் நின்று வண்டிகளை மறிக்க வேண்டும். அது வழக்கம். அதற்குப் பிறகு அவர் என்னைச் சாம்பியன் என்று கூப்பிட்டது இல்லை.

என் முக்கு கடலைப் பார்த்த ஒரு மேடு. போட்டி நான்கு சுற்று. முதல் சுற்றில் எல்லாரும் கூட்டமாகப் போனார்கள். இரண்டாவது சுற்றில் கயல் முன்னால் இருந்தாள். காற்று பக்கவாட்டில் அடித்தது. பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் ரோட்டின் குறுக்கே சாய்வாக வரிசை போட்டு வந்தார்கள். மூன்றாவது சுற்றிலும் அவள்தான் முன்னால். வாய் திறந்திருந்தது. மாறு, மாறு என்று தமிழில் கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவள் தன் முறையை மட்டும் ஓட்டவில்லை, அன்று நான் விட்ட முறையையும் சேர்த்து ஓட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான்காவது சுற்றில் கூட்டம் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் தனியாக வந்தாள். ஒரு காலால் மிதித்து வந்தாள். நம்பர் துணி மட்டும் அசையவில்லை. நன்றாகக் குத்தியிருந்தேன்.

கடைசியில் போய்ப் பார்த்தபோது புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கடைசிக்கு முந்தின இடம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கால் பிடிச்சிட்டு, அப்பா" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நெஜமாவே."

அவள் குதிகாலைப் பிடித்துப் பாதத்தை மேலே வளைத்தேன். கெண்டைச் சதை கல் மாதிரி இருந்தது. கால் பிடித்தால் இப்படித்தான் இருக்கும் என்று நாற்பத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன்.

"அவங்களுக்கு போன் பண்ணுங்க" என்றாள்.

6

கார் நிற்கிற இடத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று போன் போட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் லாரி சத்தம் கேட்டது.

"என்னலே, ஞாயித்துக்கெழம? ஷீட்டு நல்லாத்தான் இருக்கு. இப்பந்தான் பாத்துட்டு வாரேன்."

"ஷீட்டுக்கு இல்ல. அன்னைக்கி வாகைக்குளத்துக்குப் போகும்போது எனக்குக் காலு பிடிக்கல."

ஒரு லாரி போய் முடிந்தது.

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"கெண்டக்கால்னு சொன்ன. டிரம்மு பக்கத்துல போகும்போது தொடையப் புடிச்சிக்கிட்டிருந்த. பொய் சொல்லுதவன் எடத்தையாவது ஞாவகம் வச்சிக்கிடணும்லா."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன்லே அப்பவே கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். மறுநா திருகாணி மாட்டும்போது சொல்லுவேன்னு பாத்தேன். மெதுவாத்தான் மாட்டுனேன். சொல்லல. தங்கச்சி கல்யாணத்துல சொல்லுவேன்னு பாத்தேன். பாயாசம் ரெண்டு தடவ வாங்குன. சொல்லல. அதுக்கப்பொறம் வுட்டுட்டேன்."

"லூர்துக்குத் தெரியுமா?"

"அவகிட்ட நான் சொல்லல. கொஞ்ச நாளு மாமியாரு பீரோவச் சொல்லிச் சொல்லிக் குத்துனா. இப்பம் மருமவ வந்துட்டா, வீட்டுல ரெண்டு பீரோ கெடக்கு. தங்கச்சி ஒன்னய நல்லவன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. இருந்துட்டுப் போறா. அதக் கெடுக்காத."

"பீரோவ அவளுக்கே குடுத்துரட்டுமா?"

"அதையா? அடித்தகடு பூரா துரு. நான்லா தொடைக்கேன், எனக்குத் தெரியாதா? ஒண்ணும் வேண்டாம். போன வையி. டயரு கெடக்கு."

வைத்துவிட்டான். கோபமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

காரில் கயல் கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"அவனுக்கு அப்பவே தெரியுமாம்."

"தெரிஞ்சுமா சாவிய வாங்கினாங்க?"

நான் காரை எடுத்தேன். அவள் காதில் பாட்டு மாட்டவில்லை. வீடு வரை சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஆலையில் லீவு படிவம் வாங்கினேன். காரணம் என்று ஒரு கட்டம். மற்றவர்கள் கல்யாணம், சாவு என்று எழுதுவார்கள். நான் 'காற்று' என்று எழுதினேன். ஆபீசில் இருக்கிற பெண் இரண்டு தடவை வாசித்தாள்.

"காற்றுக்காகவா இந்தியா போகிறீர்கள்? அதுதான் இங்கே வேண்டிய மட்டும் இருக்கிறதே."

"வீட்டின் மேலே ஒரு தகரம் இருக்கிறது. கட்ட வேண்டும்" என்றேன்.

"அங்கே கட்ட ஆள் இல்லையா?"

"இருக்கிறான்."

அவளுக்கு விளங்கவில்லை. பத்து நாள்தான் கிடைத்தது. அதற்கு மேல் படிவம் இடம் கொடுக்காது. ஆடி பிறந்ததும் போகிறேன். போய் ஒரு தகரத்தைக் கட்டினால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னாசிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். இந்த ஆடிக்கு ஷீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மாடி ஏறாதே என்றேன்.

"எத்தன நாளு?"

"பத்து."

டயரை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி. பத்து போஸ்டு. அதுக்கப்பொறம் நான் முன்னால வாரேன்" என்றான்.